ஜான் சல்லிவன்: படைத்தளபதி, அரசியல்வாதி, நீதிபதி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ஜான் சல்லிவன்?

அமெரிக்க விடுதலைப் போரில் ஜார்ஜ் வாஷிங்டனுக்குக் கீழே மேஜர் ஜெனரலாக இருந்தவர். அதற்கு முன்னால் நியூ ஹாம்ப்ஷயரில் வக்கீல். போருக்குப் பிறகு அதே மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல், மூன்று முறை மாநிலத் தலைவர், கடைசியில் அங்கே அமர்ந்த முதல் கூட்டாட்சி நீதிபதி. வாஷிங்டன், ஜெஃபர்சன், பிராங்க்ளின் என்று எல்லோரும் அறிந்த பெயர்களின் வரிசையில் இவர் வருவதில்லை. ஆனால் 1774 முதல் 1789 வரை நடந்த பெரிய சம்பவங்கள் பலவற்றில் இவர் எங்காவது ஓர் ஓரத்தில் நின்றுகொண்டிருப்பார், சில சமயம் நடுவிலேயே.

அவரைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் போர்களின் பட்டியலோடு முடிந்துவிடுகின்றன. 1779-இல் அவர் படை எரித்த ஊர்களுக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். அந்த ஒரு வரி போதாது என்பது என் கருத்து. அதனால்தான் இந்தப் பக்கத்தில் அந்தப் பகுதி நீளமாக இருக்கிறது.

எங்கே பிறந்தார், எப்படி வளர்ந்தார்?

1740 பிப்ரவரியில், நியூ ஹாம்ப்ஷயரின் சோமர்ஸ்வொர்த்தில். அப்பாவும் அம்மாவும் அயர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள்; அப்பா பள்ளி ஆசிரியர். வீட்டில் சொத்து இல்லை, படிப்பு இருந்தது. போர்ட்ஸ்மவுத் நகரத்தில் சாமுவேல் லிவர்மோர் என்ற வக்கீலிடம் சட்டம் கற்றுக்கொண்டு, 1760-களில் டர்ஹம் என்ற சிற்றூரில் தொழிலைத் தொடங்கினார்.

தம்பி ஜேம்ஸும் சட்டம் படித்தார். பின்னாளில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆளுநரானார்.

டர்ஹம் மக்களுக்கு அவரைப் பிடிக்காது என்கிறார்களே, உண்மையா?

ஆரம்பத்தில் உண்மைதான். ஊரிலேயே ஒரே வக்கீல் அவர். கடன் பாக்கி வழக்குகள்தான் அவருக்கு முக்கிய வருமானம். கடனைக் கட்ட முடியாத விவசாயியின் நிலம் கைமாறும் இடத்தில் இந்த இளம் வக்கீல் நின்றார். 1766-இல் அக்கம்பக்கத்தார் சேர்ந்து அவருக்கு எதிராகச் சட்டமன்றத்துக்கு மனுவே போட்டார்கள். அடிதடி மிரட்டலும் வந்தது.

அவர் ஊரை விட்டுப் போகவில்லை. மில்களில் பணம் போட்டார், வசதியானார், மெல்ல மெல்ல ஊரோடு சமாதானமும் ஆனார். அரச ஆளுநர் ஜான் வென்ட்வொர்த்துக்கும் நெருக்கமாகி, 1772-இல் அவர் கையாலேயே ஊர்க்காவல் படையில் மேஜர் பதவி பெற்றார். இரண்டே ஆண்டில் அதே அரசின் கோட்டைக்குள் ஆட்களோடு புகுந்தார்.

அது என்ன கோட்டைச் சம்பவம்?

போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தின் வாயிலில், நியூ காசில் தீவில், வில்லியம் அண்ட் மேரி கோட்டை இருந்தது. உள்ளே காவலுக்கு கேப்டன் ஜான் காக்ரனும் ஐந்து ஆட்களும் மட்டுமே. பிரிட்டிஷ் படை வந்து வெடிமருந்தைக் கைப்பற்றப் போகிறது என்ற செய்தியோடு 1774 டிசம்பர் 13 அன்று பால் ரெவியர் பாஸ்டனிலிருந்து குதிரையில் வந்து சேர்ந்தார். மறுநாள் ஜான் லாங்டன் தலைமையில் ஏறத்தாழ 400 பேர் கோட்டையைச் சூழ்ந்தார்கள். உள்ளிருந்து பீரங்கி முழங்கியது, யாரும் சாகவில்லை. கூட்டம் சுவர் ஏறிக் குதித்து, 100 பீப்பாய் அளவுக்கு வெடிமருந்தைத் தூக்கிக்கொண்டு போனது.

அதற்கு அடுத்த நாள் இரவு வந்தவர் சல்லிவன். அவரோடு வந்தவர்கள் மிச்சமிருந்த துப்பாக்கிகளையும் 16 சிறு பீரங்கிகளையும் எடுத்துக்கொண்டார்கள். வெடிமருந்து படகில் ஏறி டர்ஹம் போன்ற உள்ளூர்ப் பகுதிகளுக்குப் போய்ப் பத்திரமானது. விடுதலைப் போர் லெக்சிங்டனில் தொடங்கியதாகத்தான் பாடப்புத்தகங்களில் இருக்கும். இந்தச் சம்பவம் லெக்சிங்டனுக்கு நான்கு மாதம் முந்தையது.

அந்த ஆண்டு செப்டம்பரிலேயே அவர் நியூ ஹாம்ப்ஷயரின் பிரதிநிதியாக முதல் கான்டினென்டல் காங்கிரஸுக்கு (குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய பொது மன்றம்; இனி காங்கிரஸ்) போய் வந்திருந்தார். ஆக, அரசருக்கு மனு எழுதும் வேலையும் கோட்டைக்குள் புகும் வேலையும் ஒரே சமயத்தில் நடந்தன.

போர்க்களத்தில் அவர் எப்படி?

தைரியசாலி. அதில் அவருடைய எதிரிகளுக்குக்கூடச் சந்தேகம் இருந்ததில்லை. ஆனால் அதிர்ஷ்டம் இல்லாதவர். எதிரி எந்தப் பக்கம் வருவான் என்று கணிப்பதிலும் அடிக்கடி கோட்டைவிட்டவர்.

1775 ஜூனில் பிரிகேடியர் ஜெனரல் ஆனார். அடுத்த ஆண்டு கனடாவில் சிக்கித் தவித்த படைக்குத் தலைமை ஏற்க அனுப்பினார்கள். முந்தைய தளபதி பெரியம்மையில் இறந்துபோயிருந்தார், சிப்பாய்களில் ஏராளமானோருக்கும் அதே நோய். திருவா ரிவியேரில் தோற்று, மிச்சமிருந்தவர்களைப் பின்வாங்கி அழைத்துவந்தார். அவருக்கு மேலே ஹொரேஷியோ கேட்ஸை நியமித்ததும் கோபித்துக்கொண்டு ராஜினாமா செய்வதாகச் சொன்னார். பதவி, மரியாதை விஷயத்தில் சட்டென்று புண்படுகிற மனிதர்; வாஷிங்டன் இதைப் பற்றி அவருக்கே கண்டித்து எழுதியிருக்கிறார். ஆனாலும் 1776 ஆகஸ்டில் மேஜர் ஜெனரல் பதவி வந்தது.

அதே மாதம் 27-ஆம் தேதி லாங் ஐலண்ட் போர். இன்று புரூக்ளினில் பிராஸ்பெக்ட் பூங்கா இருக்கும் பகுதியில், மலைக் கணவாயைக் காத்துக்கொண்டு அவர் நின்றார். கிழக்கே தள்ளியிருந்த ஜமைக்கா கணவாயில் சொல்லிக்கொள்ளும்படியான காவல் இல்லை. பிரிட்டிஷ் தளபதி ஹோ, இரவோடு இரவாக அந்த வழியில் படையைக் கொண்டுவந்து முதுகுப்பக்கம் இறங்கினார். சல்லிவன் கைதானார்.

கைதியாக இருந்தபோது எதிரிக்குத் தூது போனாரா?

போனார். தளபதி ஹோவும் கடற்படைத் தலைவரான அவர் அண்ணனும் சமாதானம் பேச விரும்புவதாக ஒரு செய்தியைக் கொடுத்து, பரோலில் அவரை காங்கிரஸுக்கு அனுப்பினார்கள். ஜான் ஆடம்ஸுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நம்மை ஏமாற்ற அனுப்பிய பொறி வாத்து என்ற பொருளில் சல்லிவனைத் திட்டினார். ஆனாலும் காங்கிரஸ் ஆடம்ஸ், பிராங்க்ளின், எட்வர்ட் ரட்லெட்ஜ் மூவரையும் 1776 செப்டம்பர் 11 அன்று ஸ்டேட்டன் ஐலண்டுக்கு அனுப்பியது. பேச்சு ஒன்றுக்கும் உதவவில்லை. துரோகம் செய்தார் என்று சொல்ல முடியாது; எதிரியின் வார்த்தையைச் சுலபமாக நம்பிவிட்டார் என்று சொல்லலாம். அப்புறம் பிரிட்டிஷ் ஜெனரல் ரிச்சர்ட் பிரஸ்காட்டுக்கு மாற்றாக விடுதலையானார்.

அவர் ஜெயித்த போரே இல்லையா?

டிரென்டன் இருக்கிறது. 1776 டிசம்பர் 26 காலை, டெலவேர் ஆற்றைக் கடந்த படை இரண்டாகப் பிரிந்தது. ஆற்றோரச் சாலையில் வந்த பிரிவுக்குச் சல்லிவன் தலைமை. பனியும் ஆலங்கட்டியும் கொட்டியதில் வெடிமருந்து நனைந்து துப்பாக்கிகள் சுடாது என்ற நிலை. வாஷிங்டனுக்கு ஆள் அனுப்பிச் சொன்னார். பயனெட்டை (துப்பாக்கிமுனைக் கத்தி) வைத்துச் சண்டை போடச் சொல், டிரென்டனை எடுத்தே ஆகவேண்டும் என்று பதில் வந்தது. சல்லிவனின் ஆட்கள் ஊருக்குள் புகுந்து, பிரிட்டிஷார் கூலிக்கு அமர்த்தியிருந்த ஜெர்மானியப் படையான ஹெஸ்ஸியன் படை தப்பியோடும் பாலத்தை அடைத்தார்கள். ஒரு வாரத்தில் பிரின்ஸ்டனிலும் வெற்றி.

ஆனால் 1777 செப்டம்பரில் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் லாங் ஐலண்ட் கதையே திரும்ப நடந்தது. ஹோ மறுபடியும் சுற்றிவளைத்து வந்தார். மறுபடியும் அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பு சல்லிவன். முன்னுக்குப் பின் முரணான உளவுச் செய்திகள் வந்ததும் உண்மை, முழுப் பழியும் அவர் தலையில் விழுந்தது நியாயமில்லை. வட கரோலினாவின் தாமஸ் பர்க் அவரை நீக்கச் சொல்லி காங்கிரஸில் கொடிபிடித்தார். போர் நடுவில் தளபதியை இழக்க முடியாது என்று வாஷிங்டன் மறுத்துவிட்டார்.

1778-இல் ரோட் ஐலண்டில் பிரெஞ்சுக் கடற்படையோடு சேர்ந்து நியூபோர்ட்டைப் பிடிப்பதாகத் திட்டம். புயல் அடித்துக் கப்பல்கள் சேதமாக, கடற்படைத் தலைவர் டெஸ்டான் பழுதுபார்க்க பாஸ்டனுக்குக் கிளம்பிவிட்டார். ஊர்க்காவல் ஆட்கள் ஆயிரக்கணக்கில் வீடு திரும்பினார்கள். கொதித்துப்போன சல்லிவன் பிரெஞ்சுக்காரர்களைக் கண்டித்து எழுதிய கடிதம், புதுக் கூட்டணியையே உடைத்துவிடும்போல ஆனது. அதே சமயம், ஆகஸ்ட் 29 சண்டையில் தாக்குப்பிடித்து, அடுத்த இரவு மொத்தப் படையையும் சத்தமில்லாமல் தீவிலிருந்து வெளியேற்றினாரே, அது சாதாரண வேலையில்லை. பிரிட்டிஷ் உதவிப்படை வந்துசேர்ந்தபோது அங்கே பிடிக்க ஆளில்லை. கறுப்பின வீரர்களும் பூர்வகுடி வீரர்களும் இருந்த முதலாம் ரோட் ஐலண்ட் ரெஜிமென்ட் அன்று சளைக்காமல் நின்றது.

1779 படையெடுப்பு எதற்காக நடந்தது?

இன்றைய நியூயார்க் மாநிலத்தின் மேற்கே ஹோடனொஷோனி கூட்டமைப்பின் நாடு. இரோகுவா என்று வெளியார் அழைத்தவர்கள் இவர்கள்தான்: மொஹாக், ஒனைடா, ஒனண்டகா, கயுகா, செனிகா, டஸ்கரோரா என்று ஆறு இனங்கள். விடுதலைப் போர் இவர்களையும் பிளந்தது. ஒனைடாக்களில் பெரும்பாலோரும் டஸ்கரோராக்களில் பலரும் அமெரிக்கர்கள் பக்கம். மற்றவர்களில் அதிகம்பேர் பிரிட்டிஷ் பக்கம். 1778-இல் பிரிட்டிஷ் ஆதரவுப் படையினரும் பூர்வகுடி வீரர்களும் சேர்ந்து பென்சில்வேனியாவின் வயோமிங் பள்ளத்தாக்கையும் நியூயார்க்கின் செர்ரி வேலியையும் தாக்கினார்கள். செர்ரி வேலியில் பெண்களும் குழந்தைகளும் உட்பட 30 பேர் அளவில் ஊர்மக்கள் கொல்லப்பட்டார்கள். எல்லைப்புறம் முழுக்க அச்சம்.

இதற்குப் பதிலாக வாஷிங்டன் 1779 மே 31 அன்று கொடுத்த உத்தரவு எழுத்தில் இருக்கிறது. ஊர்களை மொத்தமாக அழிக்க வேண்டும், எந்த வயதானாலும் ஆணோ பெண்ணோ முடிந்தவரை கைதிகளாகப் பிடிக்க வேண்டும், அந்த நாட்டைக் கடந்து போனால் போதாது, அது அழிந்தாக வேண்டும் என்பதே சாரம். தலைமைப் பொறுப்பு முதலில் கேட்ஸுக்குத்தான் போனது. அவர் வேண்டாம் என்றார். சல்லிவன் ஏற்றுக்கொண்டார்.

அங்கே என்ன நடந்தது?

பென்சில்வேனியாவின் ஈஸ்டனிலிருந்து சல்லிவனின் படை கிளம்பியது. வடக்கிலிருந்து ஜேம்ஸ் கிளின்டனின் படை வந்தது. ஓட்சிகோ ஏரியின் வாயை அடைத்து நீரைத் தேக்கி, பின் உடைத்துவிட்டு, அந்த வெள்ளத்தில் 200-க்கும் மேற்பட்ட படகுகளைச் சஸ்குவஹானா ஆற்றில் இறக்கினார் கிளின்டன். இரண்டும் டியோகாவில் சேர்ந்தபோது ஏறத்தாழ 4,500 பேர்.

பெரிய சண்டை ஒன்றுதான். ஆகஸ்ட் 29, நியூடவுன், இன்றைய எல்மைராவுக்குப் பக்கம். மொஹாக் தலைவர் ஜோசப் பிராண்ட், பிரிட்டிஷ் ஆதரவுப் படைத் தலைவர் ஜான் பட்லர் ஆகியோரின் ஆட்கள் மறைவான தடுப்பரணில் காத்திருந்தார்கள். அமெரிக்கப் பீரங்கிகள் அதைக் கண்டுபிடித்துச் சுட்டன; எண்ணிக்கையில் மிகக் குறைவான வீரர்கள் பின்வாங்கினார்கள். அதன்பிறகு சல்லிவனின் படையை நிறுத்த யாருமில்லை.

மிச்சமெல்லாம் எரிப்பு. சிப்பாய்கள் பலர் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார்கள். காட்டுக்குள் குடிசைகளை எதிர்பார்த்துப் போனவர்கள் பார்த்தது வேறு. மரச்சட்டம் வைத்துக் கட்டிய வீடுகள், சிலவற்றில் கண்ணாடி ஜன்னல். ஆள் உயரத்தை எங்கோ தாண்டி நின்ற மக்காச்சோளம். அதன் கூடவே பீன்ஸ், பூசணி, தர்பூசணி. கெண்டாயா என்ற ஊரில் ஆப்பிள் மரங்கள் அவ்வளவு இருந்ததால் படையினர் அதை ஆப்பிள் டவுன் என்றே அழைத்தார்கள். கயுகா ஏரிக்கரையில் சோனோடோட் என்ற ஊரில் பீச் தோப்பு. 1,500 மரங்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். காய்த்து நின்ற மரங்களைக் கோடரியால் வெட்டிச் சாய்த்தார்கள். ஹோடனொஷோனி மக்களிடம் வயல் பெண்களுடையது. விதைப்பது, அறுப்பது, பங்கிடுவது எல்லாம் அவர்கள் கையில். அறுவடை நெருங்கும் நேரத்தில் அந்தப் பயிரை ஆற்றில் எறிந்தும் வீடுகளுக்குள் குவித்துத் தீவைத்தும் அழித்தார்கள்.

செப்டம்பர் 13 அன்று லெப்டினன்ட் தாமஸ் பாய்டின் வேவுப் படை பதுங்குத் தாக்குதலில் சிக்கியது. பாய்டும் இன்னொரு வீரரும் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார்கள். இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சல்லிவன் காங்கிரஸுக்குக் கொடுத்த கணக்கு: 40 ஊர்கள், 1,60,000 புஷல் (தானிய அளவை) மக்காச்சோளம். அவர் தரப்பில் இழப்பு 40 பேரைத் தாண்டவில்லை.

சண்டையில் இறந்தவர்கள் குறைவு என்றால், ஏன் இவ்வளவு பெரிய விஷயமாகப் பேசுகிறார்கள்?

சாவு பிறகு வந்தது. ஊர் இழந்த 5,000-க்கும் மேற்பட்டவர்கள் நயாகரா கோட்டையில் பிரிட்டிஷாரிடம் தஞ்சம் புகுந்தார்கள். அவ்வளவு பேருக்கு அங்கே உணவும் இல்லை, கூரையும் இல்லை. அந்த 1779–80 குளிர்காலம் நியூயார்க் துறைமுகமே உறைந்துபோன குளிர்காலம். பசியிலும் குளிரிலும் நோயிலும் பலர் மாண்டார்கள். 40 ஊர்கள், இத்தனை புஷல் என்று எழுதிய அறிக்கையில் அவர்கள் எண்ணப்படவே இல்லை.

எல்லைத் தாக்குதல்களும் நிற்கவில்லை. இழக்க வீடில்லாத வீரர்கள் 1780-இல் இன்னும் கடுமையாகத் திரும்பி வந்தார்கள். ராணுவக் கணக்கிலேயே பார்த்தாலும் இதை வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நிலம் காலியானது. ஏரிகளையும் கறுப்பு மண்ணையும் கண்ணால் பார்த்துவிட்டுப் போன சிப்பாய்களுக்கு அது எவ்வளவு வளமான நாடு என்று தெரிந்துவிட்டது. போர் முடிந்ததும் குடியேற்றம் தொடங்கியது.

1790-இல் செனிகா தலைவர் கார்ன்பிளான்டர் ஃபிலடெல்ஃபியாவில் வாஷிங்டனிடம் நேரில் சொன்னார்: உங்கள் படை எங்கள் நாட்டுக்குள் வந்தபோது உங்களை ஊரழிப்பவர் என்று அழைத்தோம், இன்றும் அந்தப் பெயரைக் கேட்டால் எங்கள் பெண்கள் திரும்பிப் பார்த்து வெளிறிப்போகிறார்கள், குழந்தைகள் தாயின் கழுத்தை இறுகக் கட்டிக்கொள்கிறார்கள்.

உத்தரவு வாஷிங்டனுடையது. அப்படியிருக்க சல்லிவனைக் குறை சொல்லலாமா?

திட்டம் வாஷிங்டனுடையது, ஒப்புதல் காங்கிரஸுடையது, நிறைவேற்றியது சல்லிவன். மூவருக்கும் பங்கு உண்டு. அவர் தயங்கியதற்கோ, உத்தரவைத் தணிக்க முயன்றதற்கோ தடயம் இல்லை. படைக்கு உணவு, துணி, குதிரை போதவில்லை என்றுதான் மேலிடத்தோடு ஓயாமல் சண்டை போட்டார். அந்தச் சண்டையில் பலரைப் பகைத்துக்கொண்டார். உடம்பும் கெட்டுப்போயிருந்தது. 1779 நவம்பர் 30 அன்று அவருடைய ராஜினாமாவைக் காங்கிரஸ் ஏற்றுக்கொண்டது.

பிரெஞ்சுத் தூதரிடம் பணம் வாங்கினார் என்பது?

வாங்கினார். 1780–81-இல் காங்கிரஸ் உறுப்பினராக ஃபிலடெல்ஃபியாவில் இருந்தபோது கையில் காசில்லை. தூதர் லா லுசெர்ன் கடன் கொடுத்தார். அதே காலத்தில் சமாதானப் பேச்சு தொடர்பான முடிவுகளில் சல்லிவன் பிரான்சுக்குச் சாதகமாக நின்றார். இரண்டுக்கும் நேரடித் தொடர்பை நிரூபிக்க முடியாது. ஆனாலும் ஒரு மக்கள் பிரதிநிதி அந்தக் கடனை வாங்கியிருக்கக் கூடாது.

மாநிலத் தலைவராக என்ன செய்தார்?

1782 முதல் 1786 வரை அட்டர்னி ஜெனரல். 1786, 1787, 1789 ஆகிய ஆண்டுகளில் மாநிலத் தலைவராகத் தேர்வானார். அன்று நியூ ஹாம்ப்ஷயரில் ஆளுநர் பதவிக்கு அதுதான் பெயர்.

1786 செப்டம்பர் 20-ஐ மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். போருக்குப் பின் நாணயத் தட்டுப்பாடு. கடனிலும் வரியிலும் மூழ்கிய விவசாயிகள் காகிதப் பணம் அச்சிடச் சொன்னார்கள். ஏறத்தாழ 200 பேர், சிலர் துப்பாக்கியோடு, மற்றவர்கள் தடியோடு, எக்ஸிட்டரில் சட்டமன்றம் கூடிய கட்டடத்தை முற்றுகையிட்டு, உள்ளே இருந்தவர்களை வெளியே விடவில்லை. சல்லிவன் வாசலுக்கு வந்து நிதானமாகப் பேசினார், மிரட்டலுக்குப் பணிய முடியாது என்றார். இருட்டும் நேரத்தில் ஊர்க்காரர்கள் முரசடித்து, பீரங்கிப்படை வருகிறது என்று கத்த, கூட்டம் கலைந்து ஓடியது. மறுநாள் ஊர்க்காவல் படை 40 பேர் அளவில் பிடித்துவந்தது. மன்னிப்புக் கேட்டவர்களை விட்டுவிட்டார்கள். யாரையும் தூக்கிலிடவில்லை.

இது நல்ல நிர்வாகம்தான், பாராட்டுகிறேன். ஒரு காலத்தில் கடன்பட்டவர்கள்மேல் வழக்குப் போட்ட வக்கீல், ஆயுதத்தோடு வந்த கடன்பட்டவர்களை மன்னித்து அனுப்பினார். ஏழு ஆண்டுக்கு முன்னால் கயுகா ஏரிக்கரைத் தோப்புக்காரர்களுக்கு இந்த நிதானத்தில் ஒரு துளிகூடக் கிடைக்கவில்லை. எக்ஸிட்டர் விவசாயிகள் தப்பே செய்திருந்தாலும் அவர் கண்ணுக்குத் தன் மக்கள். யாரைத் தன் மக்களாக எண்ணினார் என்பதில்தான் இந்த மனிதரின் வரலாறு பிளவுபடுகிறது.

அரசியலமைப்புச் சட்டத்தில் அவர் பங்கு?

புதிய அரசியலமைப்பு அமலுக்கு வர 9 மாநிலங்கள் ஏற்க வேண்டும். 1788 பிப்ரவரியில் எக்ஸிட்டரில் நியூ ஹாம்ப்ஷயர் மாநாடு கூடியபோது எதிர்ப்பாளர்களின் கை ஓங்கியிருந்தது. வாக்கெடுப்பு நடந்தால் தோல்வி என்று தெரிந்து, ஆதரவாளர்கள் மாநாட்டை ஒத்திவைக்க வைத்தார்கள். ஜூனில் கான்கர்டில் மீண்டும் கூடியது. தலைமை சல்லிவன். ஜூன் 21 அன்று 57-க்கு 47 என்று நிறைவேறியது. ஒன்பதாவது மாநிலம் அதுதான்.

ஜெஃபர்சனுக்கு மூஸ் மான் அனுப்பியவர் இவர்தானா?

இவரேதான். அமெரிக்க விலங்குகள் ஐரோப்பிய விலங்குகளைவிடச் சிறுத்தவை என்று பிரெஞ்சு அறிஞர் பூஃபோன் எழுதியிருந்தார். பாரிஸில் தூதராக இருந்த ஜெஃபர்சனுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு பெரிய மூஸின் எலும்பும் தோலும் கொம்பும் வேண்டும் என்று சல்லிவனுக்கு எழுதினார். 1787 குளிர்காலத்தில் சல்லிவன் ஆட்களை அனுப்பினார். வெர்மான்டில் ஒன்றை வேட்டையாடி, பனிக்காட்டில் வழி வெட்டி, 14 நாள் இழுத்து டர்ஹமுக்குக் கொண்டுவந்தார்கள். வந்து சேரும்போது அழுகத் தொடங்கியிருந்தது. கொம்பு சரியில்லை என்று வேறு கொம்புகளைச் சேர்த்து அனுப்பினார். பாரிஸில் அதற்கான பில்லைப் பார்த்த ஜெஃபர்சன் அதிர்ந்தே போனார். மூஸ் முடி உதிர்ந்து போய்ச் சேர்ந்தது. பூஃபோன் அடுத்த ஆண்டே காலமானார்.

நீதிபதியாக எப்படி இருந்தார்?

1789 செப்டம்பரில் ஜனாதிபதி வாஷிங்டன் அவரை நியூ ஹாம்ப்ஷயர் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்துக்கு நியமித்தார். புதிய நீதித்துறையின் முதல் தலைமுறை. போர்ட்ஸ்மவுத்திலும் எக்ஸிட்டரிலும் மாறி மாறி அமர்வு. கடல் வணிகமும் சுங்கமும்தான் அன்று அந்த நீதிமன்றங்களின் முக்கிய வேலை, வழக்குகள் அதிகமில்லை. 1792-க்குப் பிறகு உடல்நலக் குறைவால் அவர் அமரவேயில்லை. பதவி மட்டும் இருந்தது. 1795 ஜனவரி 23 அன்று டர்ஹமில் இறந்தார், வயது 54.

அவருக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்த ஜான் பிக்கரிங்கும் நோயாளி. காங்கிரஸ் அவர்மேல் குற்றம்சாட்டி, 1804-இல் நீக்கியது. அமெரிக்க வரலாற்றில் அப்படி நீக்கப்பட்ட முதல் நீதிபதி அவர்.

அவர் பெயரில் இன்று என்ன இருக்கிறது? எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

நியூ ஹாம்ப்ஷயர், நியூயார்க், பென்சில்வேனியா, டென்னசி, மிசூரி ஆகிய மாநிலங்களில் சல்லிவன் கவுண்டிகள் (மாவட்டம் போன்ற பிரிவுகள்), மன்ஹாட்டனில் ஒரு தெரு. டர்ஹமில் அவர் வீடு தேசிய வரலாற்றுச் சின்னமாக நிற்கிறது. படையெடுப்பின் 150-ஆம் ஆண்டான 1929-இல் நியூயார்க், அவர் படை போன வழியெங்கும் நினைவுக் கற்களை நட்டது.

படிக்க விரும்புபவர்கள் வாழ்க்கை வரலாறுகளுக்கு முன்னால் அந்தச் சிப்பாய்களின் நாட்குறிப்புகளை எடுங்கள். நியூயார்க் மாநிலம் 1887-இல் அவற்றைத் தொகுத்து அச்சிட்டது. கெண்டாயா, சோனோடோட் ஊர்களுக்குப் படை வந்த நாட்களை முதலில் படியுங்கள். என்ன இருந்தது, என்ன செய்தோம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.